மாவு மில் கூரையும் சினிமா முகப்பும்

அனுப்புநர்
கைசர் ஜஹான் (வயது 58),
க/பெ. காலஞ்சென்ற ஹஸன்,
ஹஸன் மாவு மில்,
புதிய எண் 24, பழைய எண் 11,
அப்பாசாமி மேஸ்திரி தெரு,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
தெப்பக்குளப் பகுதி மரபுத் தோற்றப் பாதுகாப்புக் குழு,
சென்னை.

பொருள்: மேற்படி முகவரியில் இல்லாத, எக்காலத்திலும் இருந்திராத மரபு முகப்பை நான் இடித்ததாகக் கூறும் ஆணையை ரத்து செய்யவும், உண்மையிலேயே பழமையான கூரையை மழைக்கு முன் பழுதுபார்க்க அனுமதிக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. கூரைப் பழுதுபார்ப்புக்கான என் விண்ணப்பம், நாள் 20.01.2025.
2. தங்கள் குழுவின் விளக்கம் கோரும் அறிவிப்பு, நாள் 11.03.2025.
3. தங்கள் குழுவின் ஆணை, நாள் 21.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் ஆணை கிடைத்தது. முழுவதும் படித்தேன். என் வீட்டைப் பற்றி அதில் எழுதியிருப்பவற்றில் தெருவின் பெயரும் பழைய கதவு எண்ணும் மட்டுமே சரி. மற்றதெல்லாம் வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ எழுதியது போல இருக்கிறது. அப்படி ஒரு வீடு இந்தத் தெருவில் இல்லை என்பதுதான் இந்த மனுவின் சுருக்கம்.

ஆணை சொல்வது இது. என் வீட்டு முகப்பில் சுமார் 1890-ஆம் ஆண்டைச் சேர்ந்த, செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்குத் தூண்கள் தாங்கிய மாடம் ஒன்று இருந்தது. நிலைவாசலுக்கு மேல் சங்கும் சக்கரமும் சுதை வேலையாக இருந்தன. இவற்றை நான் அனுமதியின்றி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்பு ஷட்டர் போட்டு வியாபாரம் செய்கிறேன். ஆகவே தூண்களைத் தேக்கிலேயே மறுபடி நிறுத்த வேண்டும். சங்கு சக்கரத்தை இருந்த இடத்தில் இருந்தபடி அமைக்க வேண்டும். ஷட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தை மூட வேண்டும். அகற்றியதற்கு அபராதம் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு. இத்தனையும் முடிந்த பிறகுதான் கூரையைப் பழுதுபார்க்க நான் கேட்ட அனுமதி பரிசீலிக்கப்படும்.

ஐயா, அந்த முகப்பு சினிமாக்காரர்கள் போட்ட செட். இதை மார்ச் மாதம் எழுத்தில் சொன்னேன். ஜூலை விசாரணையில் நேரில் சொன்னேன். மூன்றாவது முறையாக இப்போது சொல்கிறேன். நான்காவது முறை சொல்வதாக இல்லை.

2. முதலில் என் வீடு எது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் கணவரின் தாத்தா காதர் சாஹிப் கயிறும் கோணியும் விற்றவர். கிடங்குக்காகவே அவர் கட்டிய வீடு இது. முன்னால் கிடங்கு, பின்னால் குடியிருப்பு. வண்டி உள்ளே வர வேண்டும் என்பதால் அகலமான வாசல் வைத்தார். மேலே காற்றுக்கு மூன்று வட்ட ஓட்டைகள். அதற்கு மேல் வெறும் கைப்பிடிச் சுவர். தூணும் இல்லை, மாடமும் இல்லை. பார்க்க அழகான வீடு என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. கல்யாணமாகி வடபழனியிலிருந்து இங்கே வந்த அன்று, நானே முகத்தைச் சுளித்தேன்.

அந்தக் கிடங்கில் என் மாமனார் 1964-இல் மாவு மெஷின் போட்டார். அன்று முதல் இது மில். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து டப்பாவும் தூக்குமாக வருவார்கள். அரிசியும் கோதுமையும் முதலில் அரைபடும், பிறகு தனியா, கடைசியில் மிளகாய். மிளகாய் ஓடிய கல்லில் யார் கேட்டாலும் கோதுமையைப் போட மாட்டோம். மில்லுக்கு முன்னால் நின்று தும்மாதவர் இந்தத் தெருவில் யாரும் இல்லை. மரபு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ தெரியாது. அறுபது வருடத் தும்மலும் அதில் சேருமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

3. இனி அந்த முகப்பு வந்த கதை. 2017-ஆம் ஆண்டு ஒரு படக் கம்பெனியினர் பழைய காலத்து வக்கீல் வீடு ஒன்றைப் படம் பிடிக்க இடம் தேடி வந்தார்கள். எங்கள் தெரு அகலம், மின்கம்பம் ஓரமாக இருக்கிறது, கோபுரம் பின்னால் தெரிகிறது என்று எங்கள் வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் வீடு மொட்டையாக இருந்ததே அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மேலே எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் அல்லவா?

வடபழனியைச் சேர்ந்த கதிரேசன் என்ற செட் தச்சர் ஆட்களுடன் வந்து, சுவருக்கு முன்னால் சாரம் கட்டி, பலகையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் அந்த மாட முகப்பைச் செய்தார். மில்லை மூட முடியாது என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கீழ்ப்பகுதியை மட்டும் மடக்குக் கதவு போலச் செய்து கொடுத்தார்கள். மில் திறக்கும்போது மடக்குவோம். மூடும்போது ஷட்டரை இறக்கிவிட்டு விரிப்போம். விரித்தால் வக்கீல் வீடு. மடக்கினால் மிளகாய்த்தூள்.

பாதிப் படப்பிடிப்பில் கம்பெனி நின்றுபோனது. மீதிக் காட்சிகள் இதே வாசலில் எடுக்க வேண்டும், ஒரு ஆணியைக்கூட மாற்றாதீர்கள், மாற்றினால் முன்பு எடுத்ததோடு ஒட்டாது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். என் கணவர் சரி என்றார். அவர் சரி என்றால் சரிதான். மழைக்காலம் வந்தால் நீலத் தார்ப்பாய் போட்டு அந்தப் பலகைக்கு அவரே குடை பிடித்தார். "எதுக்கு இந்தத் தலைவலி, பிரிச்சுப் போடுங்க" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "வாக்குக் குடுத்துட்டேன் கைசர், அவங்க வருவாங்க" என்பார். அவர்கள் வரவில்லை. படமும் வெளிவரவில்லை. 2021-இல் அவர் போய்விட்டார். அவர் வாக்கு என்பதால் அதன் பிறகு நானும் என் மகள் புஷ்ராவும் அந்தத் தார்ப்பாயை வருடா வருடம் கட்டினோம். நாங்கள் மரபைப் பாதுகாக்கத் தவறியவர்கள் என்று ஆணையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பலகைக்கும் பிளாஸ்டருக்குமே இத்தனை வருடம் காவல் இருந்தவர்கள் நாங்கள்.

4. தங்கள் குழுவுக்காகக் கணக்கெடுப்பு நடத்திய நிறுவனத்தின் ஆள் 2019-இல் வந்திருக்கிறார். வந்த நாளை அவரே குறித்திருக்கிறார். அது வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகைக்காக மில்லை மூடும் நேரம் தெருவுக்கே தெரியும். தெருவில் யாரையும் கேட்காத அவருக்குத் தெரியவில்லை. மூடியிருந்ததால் முகப்பு விரிந்திருந்தது. எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு, "குடியிருப்போர் இல்லை, வணிகப் பயன்பாடு இல்லை, காலத்தால் கறுத்த தேக்கு, அக்கிரகாரப் பாணிக்கு அரிய எடுத்துக்காட்டு" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் தட்டியிருந்தால் நான் பின்கட்டில்தான் இருந்தேன். தூணைத் தட்டியிருந்தாலும் போதும், உள்ளே பொள்ளல் என்று சத்தமே சொல்லியிருக்கும்.

அந்தக் கணக்கெடுப்பை வைத்து மரபு வீடுகளின் பட்டியல் வெளியானபோது ஆட்சேபம் தெரிவித்திருக்கலாமே என்று விசாரணையில் கேட்டார்கள். பட்டியலை நான் பார்த்தேன். "எண் 11, மாட முகப்புள்ள அக்கிரகார வீடு" என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் எல்லாரும் புழங்குவது புதிய எண்தான். புதிய எண் 11-இல் இருப்பது இஸ்திரிக் கடை. இஸ்திரிக் கடைக்கு மாடம் எங்கிருந்து வந்தது என்று நானும் புஷ்ராவும் சிரித்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டோம். அது நம்முடைய பழைய எண் என்று தோன்றவே இல்லை. என் வீட்டின் வர்ணனையைப் படித்து என் வீட்டையே எனக்கு அடையாளம் தெரியாமல் போனதற்கு, ஐயா, நான் பொறுப்பல்ல.

5. 2023 டிசம்பர் புயல் மழையில் தார்ப்பாய் கிழிந்து பறந்தது. தண்ணீர் ஊறி பிளாஸ்டர் சோறு போலக் குழைந்தது. முதலில் சக்கரம் விழுந்தது, அடுத்து சங்கு, மறுநாள் மாடம் மொத்தமும் சரிந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதால் யாரும் அடியில் இல்லை. பலகைத் துண்டுகளை மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போனது. தங்கள் ஆணையில் "திட்டமிட்டு அகற்றினார்" என்று இருக்கிறது. திட்டமிட்டது வங்காள விரிகுடா.

சங்கின் ஒரு துண்டு கழிவுநீர் மூடிக்கருகே ஒதுங்கிக் கிடந்தது. அதை இத்துடன் ஒரு உறையில் வைத்து இணைத்திருக்கிறேன். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், உதிரும். உடைந்த இடத்தில் தேங்காய் நார் நீட்டிக்கொண்டிருக்கும். 1890-இல் கொத்தனார்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேங்காய் நார் சேர்த்துச் சங்கு வார்த்தார்கள் என்று தங்கள் நிபுணர்கள் எழுதித் தருவார்களானால், அதையும் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

6. அதே மழையில்தான் நிஜமான சேதமும் நடந்தது. மில்லுக்கு மேலே இருப்பது காதர் சாஹிப் போட்ட கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ். இந்த வீட்டில் பழையது என்று காட்ட ஏதாவது இருக்கிறதென்றால் அதுதான். முகப்பு சரிந்தபோது அதைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புக் கொக்கிகள் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போயின. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, இரண்டு உத்தரங்களின் நுனி மக்கிப்போய்விட்டது. முதலில் பூச்சுதான் உதிர்ந்தது. இப்போது செங்கல்லும் ஆடுகிறது. சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்துத் தாங்க வைத்திருக்கிறோம். அவற்றுக்கு நடுவில் மெஷின் ஓடுகிறது. மெஷின் ஓடினால் கூரை அதிர்கிறது. மெஷினை நிறுத்தினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அரைக்க வருபவர்களை இப்போது உள்ளே விடுவதில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு தெருவிலேயே நிற்கச் சொல்கிறோம். உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது புஷ்ரா ஒருத்திதான். அவள் என் ஒரே மகள். ஒவ்வொரு நாளும் அவள் உள்ளே போகும்போது நான் கூரையைப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதை அலுவலக நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

கூரையை மாற்றிவிட்டு சிமெண்ட் தளம் போட நான் கேட்கவில்லை. மக்கிய உத்தரங்களை மட்டும் மாற்றி, பழையபடி சுண்ணாம்பிலேயே பிடிக்கத்தான் ஜனவரியில் அனுமதி கேட்டேன். மரபுப் பகுதி என்பதால் கேட்டேன். விதியை மதித்துக் கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் மார்ச் மாத அறிவிப்பு. நான் கேட்காமல் இருந்திருந்தால் என் வீடு பட்டியலில் இருப்பது இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. கூரையும் எப்போதோ சரியாகியிருக்கும்.

7. அந்த அறிவிப்பில் "நிலைவாசலின் மேலிருந்த சமயச் சின்னங்களை அகற்றியது" என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாள் எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியாது. தங்கள் அலுவலகத்துக்குத்தான் தெரியும். அடுத்த வாரமே யாரென்றே தெரியாத இருவர் வந்து, மில் வாசலில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பெருமாளின் சங்கு சக்கரத்தைத் துலுக்கப் பொம்பளை உடைத்துவிட்டாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பிடித்தார்கள். நான் கையில் மாவோடு நின்றேன். முப்பத்து நான்கு வருடம் இந்தத் தெருவில் இருந்தவள், அன்றைக்குப் புஷ்ராவைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னேன்.

அரைக்க வந்திருந்த அடுத்த வீட்டு வைதேகி மாமிதான் பேசினார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்; அவர் கையெழுத்திட்ட கடிதமும் இணைப்பில் இருக்கிறது. "நாப்பது வருஷமா இங்கதான் அரைச்சிண்டிருக்கேன். இவாத்து வாசல்ல சங்கு சக்கரத்தைக் கொண்டுவந்து ஒட்டினது சினிமாக்காரா. மழையில கரைஞ்சு போச்சு. கரையற பெருமாளை எவன் வெச்சானோ அவனைப் போய்க் கேளுங்கோ. எங்காத்துச் சாம்பார்ப் பொடி உள்ள அரைஞ்சிண்டிருக்கு, நகருங்கோ." அவர்கள் நகர்ந்தார்கள். ஆனால் அந்தப் படம் இன்னும் ஓயவில்லை. யாரோ யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டிவாக்கத்தில் இருக்கும் என் தங்கை அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

தங்கள் குழுவினர் ஒரு சினிமா பொம்மையைப் பழமை என்று நம்பியது தவறு. தவறு யாருக்கும் நேரலாம். ஆனால் அந்தத் தவறை என் தலையில் கட்டி, தெருவில் நிறுத்தியது தவறு மட்டுமல்ல. அதற்குத் தங்கள் குழு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

8. ஜூலை விசாரணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆணையில் அது "மனுதாரர் தரப்பு கேட்கப்பட்டது" என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. நான் பேசத் தொடங்கியதும் தங்கள் உறுப்பினர் ஒருவர், "பரவாயில்லையே, தமிழ் நல்லா பேசறீங்களே" என்று பாராட்டினார். நன்றி. நான் பிறந்தது அசோக் நகரில், வளர்ந்தது வடபழனியில், படித்தது மாநகராட்சிப் பள்ளியில். வீட்டில் உருது பேசுவோம், கோபம் வந்தால் தமிழ் பேசுவோம். அவரும் நன்றாகவே பேசினார்.

என்னோடு கதிரேசன் வந்திருந்தார். என் பேச்சை நம்பாவிட்டாலும், செய்த ஆளையே கொண்டுவந்து நிறுத்தினால் நம்புவார்கள் என்று நினைத்தேன். நான் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "இன்னாம்மா சொல்ற? நான் அட்ச்ச பலகைய கவர்மெண்ட்டு நூறு வருசம்னு எழுதிக்கீதா? அது பேக்கிங் பொட்டிப் பலகைம்மா. டீத்தூளக் கொதிக்க வச்சு ரெண்டு தடவ அட்ச்சி வுட்டேன், கறுப்பாச்சு. ஒரு மாசம் நின்னா போதும்னாங்கோ, அது பாட்டுக்கு வருசக்கணக்கா நின்னுக்கினு இருந்துச்சு" என்று ஒரே சிரிப்பு. பிறகு, "அப்போ நம்ம வேலைக்கு ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்களா?" என்று கேட்டார். பாவம், உண்மையாகவே கேட்டார்.

விசாரணையில் அவர் யார் என்று கேட்டார்கள். இவர் மரபுக் கட்டடங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி உள்ளவரா என்று கேட்டார்கள். "நான்தான் சார் அத்த கட்னவன்" என்றார் கதிரேசன். அது பதிவாகவில்லை. நிபுணர் அல்லாதவரின் வாய்மொழியை ஏற்க இயலாது என்றுதான் பதிவாகியிருக்கிறது.

கடைசியில் தங்கள் செயலாளர் என்னிடம் கொஞ்சம் இரக்கமாகவே பேசினார். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா. ஆனா ரெக்கார்டுல ஏறிடுச்சு. ரெக்கார்டுல இருக்கறத இல்லன்னு சொல்ல எங்களுக்கு வழி இல்ல. பேசாம அதே மாதிரி ஒண்ணு கட்டிடுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். இந்த வழி அவருக்கு மிகவும் சுலபமாகத் தோன்றியது என்பது முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கதிரேசனும், மூன்றே நாளில் பலகையில் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஆணையில் தேக்கு என்றல்லவா இருக்கிறது! பொய்யாக இருந்ததை நான் நிஜமாகக் கட்டித் தர வேண்டும். கட்டிவிட்டால் நூறு வருடம் கழித்து அதுவே மரபாகிவிடும். அந்த வீட்டில் மில் இருந்தது என்பதற்கும், அதை நடத்தியவர்கள் யார் என்பதற்கும் தடயமே இருக்காது.

9. நான் தங்கள் விதிகளுக்கு எதிரி அல்ல. விதிப் புத்தகத்தை வாங்கி முழுதும் படித்திருக்கிறேன். தெருவின் தோற்றம் கெடக்கூடாது, உயரம் மீறக்கூடாது, கண்ணை உறுத்தும் வண்ணம் கூடாது, பழைய பொருள்களை அதே முறையில் பழுதுபார்க்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள். பழுதுபார்ப்பு விதியை இந்தத் தெருவில் முதலில் கடைப்பிடிக்கப் பார்த்தது நான்தான். எங்களுக்கு எதிர் வீட்டைப் பாருங்கள். முன்சுவரை மட்டும் இரும்புக் கம்பிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த வீட்டையே வழித்தெடுத்து ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார்கள். அதற்குத் தங்கள் குழுவின் பாராட்டுப் பலகை மாட்டியிருக்கிறது. அதே கட்டட வியாபாரி என்னிடமும் வந்தார். "முகப்ப நாங்க பாத்துக்கறோம், குழுவ நாங்க பாத்துக்கறோம், நீங்க மில்ல மட்டும் காலி பண்ணுங்க" என்றார். மறுத்து அனுப்பினேன். மாதக்கணக்கில் என் கூரைக்கு அனுமதி வரவில்லை. நான் மில்லைக் காலி செய்ய ஒப்புக்கொண்டால் அது எத்தனை நாளில் வரும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. அதை இந்த மனுவில் எழுதவில்லை.

தோற்றம் தோற்றம் என்று ஆணை முழுவதும் வருகிறது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு எது தெரிகிறதோ அதுதான் தோற்றமாம். அப்படியானால், தெருவில் டப்பாவோடு நின்று பார்ப்பவர்களுக்கு அறுபது வருடமாக எது தெரிந்ததோ அதையும் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். தெருக்காரர்கள் கையெழுத்திட்ட தாள்களும் கதிரேசனின் வாக்குமூலமும் கூரையின் நிழற்படங்களும் இணைப்பில் உள்ளன.

10. எனவே, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேக்குத் தூண் நிறுத்த மாட்டேன். ஷட்டரை எடுக்க மாட்டேன். வாசலில் சங்கும் சக்கரமும் வைக்க மாட்டேன். வைதேகி மாமி தன் வீட்டில் வைத்துக் கும்பிடும் சங்கையும் சக்கரத்தையும் நான் மதிக்கிறேன், அதனால்தான் அபராதத்துக்குப் பயந்து பொய்யாக ஒன்றை வார்த்து மாட்ட என் மனம் ஒப்பவில்லை. செய்யாத குற்றத்துக்கு அபராதமும் கட்ட மாட்டேன். வழக்குத் தொடர்வதானால் தொடருங்கள். நீதிமன்றத்தில் கதிரேசனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன். அங்கேயாவது அவர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

தங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். பட்டியலிலிருந்து அந்த வர்ணனையை அடித்துவிட்டு, அங்கே இருப்பது என்னவோ அதை எழுதுங்கள்: கயிற்றுக் கிடங்காகக் கட்டப்பட்டு, பின்னர் மாவு மில்லான வீடு. சமயச் சின்னங்களை நாங்கள் உடைக்கவில்லை என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கொடுங்கள். அதை மில் வாசலில் ஒட்ட வேண்டும். கூரைக்கு அனுமதி கொடுங்கள். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் பொறுப்பேன். மூன்றாவதற்குப் பொறுக்க முடியாது.

நவராத்திரிக்கும் ஆயுத பூஜைக்கும் அரைப்பு அதிகம். அதுவரை மில் ஓடியாக வேண்டும், தெருவே எங்களை நம்பியிருக்கிறது. அது முடிந்ததும் அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை, மெஷினை நிறுத்திவிட்டுக் கூரையைப் பிரிக்கப் போகிறோம். சுண்ணாம்பு ஊறப்போட்டாகிவிட்டது. உத்தரத்துக்குப் பழைய தேக்கு கிடைத்துவிட்டது. மேஸ்திரியும் ஒப்புக்கொண்டுவிட்டார். தங்கள் அனுமதி அதற்குள் வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வேன். வராவிட்டாலும் வேலை நடக்கும்.

தடுப்பதற்கு ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள். வருபவரை வாசலில் நிற்க வைத்து அவமதிக்க மாட்டேன். உள்ளே அழைத்து, என் மகள் நிற்கும் இடத்தில், மக்கிய உத்தரத்துக்கு நேர் கீழே நாற்காலி போடுவேன். தேநீர் கொடுப்பேன். மெஷினை ஓட விடுவேன். இந்தக் கூரையைத் தொடக்கூடாது என்று அவர் அங்கேயே உட்கார்ந்து, அவசரப்படாமல், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆணையை ஏற்காத, சட்டத்தை மதிக்கும்,

(ஒப்பம்)
கைசர் ஜஹான்

இடம்: மயிலாப்பூர், சென்னை
நாள்: 17.09.2025